அம்மாவோடு புதுக்கோட்டை, செட்டிநாடு: அவசரமில்லாத கார் பயணத்துக்கு ஒரு வழிகாட்டி

அம்மாவை எங்கேயாவது கூட்டிப்போக வேண்டும் என்று முடிவெடுத்ததும் பலர் முதலில் உட்கார்ந்து நீளமாக ஒரு பட்டியல் போடுகிறார்கள். மூன்று நாளில் பதினாறு கோயில், நாலு மாவட்டம். டூர் பஸ்காரர்கள் அப்படித்தான் ஓட்டியாக வேண்டும், அது அவர்கள் பிழைப்பு. சொந்தமாக வண்டி வைத்துக்கொண்டு போகிற நமக்கு அந்த ஓட்டம் எதற்கு?

இந்தக் கட்டுரை முதல்முறையாக அம்மாவை மட்டும் அழைத்துக்கொண்டு சின்ன ஊர்ப் பக்கம் கிளம்புகிறவர்களுக்கு. எடுத்துக்காட்டாக நான் சொல்லப்போவது திருச்சியில் தொடங்கி புதுக்கோட்டை, திருமயம், கானாடுகாத்தான், காரைக்குடி, ஆவுடையார்கோயில் என்று சுற்றி வருகிற வழி. மூன்று ராத்திரி, நாலு பகல். இந்தப் பக்கத்தைத் தேர்ந்ததற்குக் காரணம் தூரம்தான். திருச்சியிலிருந்து புதுக்கோட்டை சுமார் 55 கிலோமீட்டர். அங்கிருந்து திருமயம் 20 சொச்சம், காரைக்குடி அதற்கு மேல் இன்னொரு 20 சொச்சம். ஒரே மூச்சில் இரண்டு மணி நேரம் உட்கார வேண்டிய இடம் வழியில் அநேகமாக இல்லை. கோயில், கோட்டை, பழைய வீடு, புடவை, பலகாரம் எல்லாமே கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. கும்பகோணம் மாதிரி கூட்டமும் கிடையாது.

மத்தியானத்தை விட்டுவிடுங்கள்

திட்டம் போடுவதற்கு எனக்குத் தெரிந்த ஒரே விதி இது. நம் ஊர்க் கோயில்களில் 12, 12.30 மணிக்கு நடை சாத்தினால் மறுபடி திறக்க 4, 4.30 ஆகிவிடும். வெயில் உச்சியில் இருப்பதும் அதே நேரம்தான், பிரகாரத்துக் கல்லில் கால் வைக்க முடியாது. அறுபது தாண்டிய அம்மாக்களில் முக்கால்வாசிப் பேருக்கு சாப்பிட்டதும் கொஞ்சம் கண்ணசர வேண்டும், கேட்டால் ஒத்துக்கொள்ளாவிட்டாலும். மூன்றும் ஒரே நேரத்தில் வந்து நிற்பதால் நாளை இரண்டாக வெட்டிக்கொள்ளுங்கள். காலை 6.30 முதல் 11.30 வரை ஒரு பொழுது, மாலை 4 முதல் 7.30 வரை இன்னொரு பொழுது. நடுவில் சாப்பாடும் படுக்கையும்.

காலைக்கு ஒரு பெரிய இடம், மாலைக்கு ஒரு சின்ன இடம். அதற்கு மேல் சேர்ந்தால் அது அம்மா வழியில் பார்த்து "இங்க கொஞ்சம் நிறுத்தேன்" என்று சொன்ன இடமாக இருக்கட்டும்.

மாதம் என்று பார்த்தால் பொங்கலை ஒட்டி ஜனவரி, பிப்ரவரிதான் சுகம். சித்திரை வைகாசியில் இந்தப் பக்கம் வேண்டாம், பாறையும் செம்மண்ணுமாகக் கொதிக்கும். ஐப்பசி கார்த்திகை மழைக்காலம். தோதான மாதத்திலும் ஜனவரி 1, சங்கடஹர சதுர்த்தி ஆகிய நாட்களில் பிள்ளையார்பட்டிப் பக்கம் போகாதீர்கள். கும்பிடுவதைவிட நிற்பதுதான் அதிகமாக இருக்கும்.

கிளம்புவதற்கு முந்தின வாரம்

முதலில் முழங்கால். "படி ஏறுவியாம்மா?" என்று கேட்டால் எல்லா அம்மாவும் "ஏறுவேன்" என்றுதான் சொல்வார்கள். அதைக் கணக்கில் எடுக்காதீர்கள். வீட்டு மாடிக்கு எப்படி ஏறுகிறார், கைப்பிடியைப் பிடிக்கிறாரா, இறங்கும்போது ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து இறங்குகிறாரா என்று சத்தமில்லாமல் கவனியுங்கள். இறங்கும்போது தடுமாறினால் மலைக்கோயில்களைத் திட்டத்திலிருந்து எடுத்துவிடலாம்.

அடுத்தது மாத்திரை. பிரஷருக்குச் சாப்பிடுவதில் நீர் மாத்திரை இருந்தால் பயண நாட்களில் எந்த நேரத்துக்குப் போடலாம் என்று அவரைப் பார்க்கும் டாக்டரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். நீங்களாக நிறுத்தவோ மாற்றவோ வேண்டாம். சர்க்கரை இருந்தால் சாப்பாட்டு நேரம் தள்ளிப்போகவே கூடாது. பிஸ்கட்டும் குளுக்கோஸும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். மாத்திரைகள் டிக்கியில் உள்ள பெட்டியில் அல்ல, அம்மாவின் கைப்பையில். இன்சுலின் போடுகிறவராக இருந்தால் அதை வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் விட்டுவிட்டு இறங்காதீர்கள். மருந்துச் சீட்டைப் போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டால் போதும்.

வண்டி விஷயத்தில் பெரிய வண்டிதான் வசதி என்று நினைக்க வேண்டாம். உயரமான எஸ்யூவியில் ஏற அம்மாவுக்கு ஒரு ஸ்டூல் வேண்டும். தாழ்வான செடானில் உட்காரலாம், எழுந்திருப்பதுதான் பாடு. இடுப்பு உயரத்தில் சீட் இருக்கும் சாதாரண ஹேட்ச்பேக்தான் முழங்கால்காரர்களுக்குத் தோது. ஒருமுறை ஏறி இறங்கச் சொல்லிப் பார்த்துவிட்டே முடிவு செய்யுங்கள். குமட்டல் வருகிறவராக இருந்தால் முன் சீட், கையில் ஒரு எலுமிச்சம்பழம். ஏசிக்கு ஒரு சால்வை.

வாடகை வண்டி என்றால் நாள் வாடகையா கிலோமீட்டர் கணக்கா, டிரைவர் பேட்டா எவ்வளவு, ராத்திரி அவர் எங்கே படுப்பார் என்பதை எல்லாம் போனிலேயே பேசி முடித்துவிடுங்கள். "இடத்துக்கு இடம் நிதானமாகத்தான் போவோம், மத்தியானம் மூன்று மணி நேரம் வண்டி நிற்கும்" என்பதையும் முன்கூட்டியே சொல்ல வேண்டும். கிளம்பிய அரை மணி நேரத்தில் டிரைவருக்கு எத்தனை பிள்ளைகள், என்ன படிக்கிறார்கள் என்பதை அம்மா விசாரித்து வைத்திருப்பார். அதனால் பயணம் முழுக்க வண்டி நிதானமாக ஓடும். இதுவும் ஒரு வசதிதான்.

தங்கும் இடத்துக்குப் போன் செய்யும்போது நாலே கேள்வி: தரைத்தளத்தில் அறை உண்டா, இல்லையென்றால் லிஃப்ட் இருக்கிறதா, வெஸ்டர்ன் டாய்லெட்டா, காலையில் வெந்நீர் எத்தனை மணிக்கு வரும். படம் பார்த்து பதிவு செய்யாதீர்கள். செட்டிநாட்டு பங்களா ஓட்டல்களில் அறை மாடியில் இருந்தால் படிக்கட்டு செங்குத்தாக இருக்கும், படத்தில் அது தெரியாது.

தண்ணீரும் கழிப்பறையும்

இதைத் தனியாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. பயணம் என்றாலே நம் அம்மாக்கள் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவார்கள். வழியில் பாத்ரூம் போக வேண்டி வருமே, அது எப்படி இருக்குமோ, மகனிடமோ டிரைவரிடமோ எப்படிச் சொல்வது என்ற யோசனைதான். வாயைத் திறந்து சொல்ல மாட்டார்கள். பாட்டிலை வாங்கி ஒரு வாய் குடித்துவிட்டு மடியில் வைத்துக்கொள்வார்கள். சாயங்காலம் தலைவலி வரும், மறுநாள் நீர்க்கடுப்பு வரும்.

"பாத்ரூம் போகணுமா?" என்று கேட்டால் "வேண்டாம்" என்றுதான் பதில் வரும். கேட்காதீர்கள். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை சுமாரான ஓட்டலிலோ பெரிய பெட்ரோல் பங்க்கிலோ நீங்களே நிறுத்துங்கள். காபி வாங்கப் போகிறேன், டயரில் காற்று பார்க்கப் போகிறேன் என்று ஏதாவது சொல்லிக்கொள்ளுங்கள். நீங்கள் முதலில் போய் இடம் சுத்தமாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்து, "நல்லா இருக்கும்மா" என்றால் போதும், இறங்கிவிடுவார். கைப்பையில் பேப்பர் சோப்பும் டிஷ்யூவும் வைத்துவிடுங்கள். நாலு எட்டு நடப்பதால் காலில் நீர் கோப்பதும் குறையும்.

முதல் நாள்: சித்தன்னவாசல், புதுக்கோட்டை

கிளம்பும் நாள் வெள்ளிக்கிழமையாக இருக்க வேண்டாம். புதுக்கோட்டை அரசு அருங்காட்சியகத்துக்கு அன்று விடுமுறை.

திருச்சியில் காலை 6.30க்குப் புறப்பட்டால் வெயில் ஏறுவதற்குள் சித்தன்னவாசல் போய்ச் சேரலாம். இங்கே பார்க்க இரண்டு இடம். அறிவர் கோயில் என்கிற சமணக் குடைவரைக்கு ஏற்றம் கொஞ்சம்தான். உள்ளே கூரையில் தாமரைக் குளம், மீன், அன்னம், பூப்பறிக்கும் ஆள் என்று 9ஆம் நூற்றாண்டு ஓவியம். மங்கிப்போயிருக்கிறது, கண் இருட்டுக்குப் பழகும்வரை இரண்டு நிமிடம் பேசாமல் நிற்க வேண்டும். இன்னொன்று ஏழடிப்பாட்டம். சமணத் துறவிகள் படுத்த வழவழப்பான கற்படுக்கைகளும், ஒரு படுக்கையருகே தமிழி என்கிற பழந்தமிழ் எழுத்தில் வெட்டிய கல்வெட்டும் அங்கே இருக்கின்றன. கிறிஸ்து பிறப்பதற்கு முந்தியவை. ஆனால் அதற்கு நிறையப் படி ஏற வேண்டும். முழங்கால் வலிக்காரர் கீழேயே மரத்தடியில் உட்காரட்டும். நீங்கள் மட்டும் ஓடிப் பார்த்துவிட்டு வர ஆசைப்பட்டால் அவர் அருகில் டிரைவரோ தண்ணீரோ போனோ இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

11.30க்குள் புதுக்கோட்டை. சாப்பாடு, அறை, படுக்கை.

மாலை 3.30க்கே கிளம்பினால் ஊரை ஒட்டியிருக்கிற திருக்கோகர்ணத்தில் அருங்காட்சியகத்தையும் கோயிலையும் சேர்த்துப் பார்க்கலாம், இரண்டும் கிட்டக் கிட்டத்தான். புதுக்கோட்டை 1948 மார்ச்சில் இந்தியாவோடு இணையும்வரை தனி சமஸ்தானம். தனக்கென்று காசு அடித்துக்கொண்ட ஊர், அதன் பெயர் அம்மன் காசு. திருக்கோகர்ணத்துப் பிரகதாம்பாள்தான் அந்த அம்மன், ஜனங்கள் சொல்வது அரைக்காசு அம்மன். உங்கள் அம்மாவுக்கு அநேகமாக இவரைத் தெரிந்திருக்கும். வீட்டில் நகையோ சாவியோ தொலைந்தால் வெல்லத்தைப் பிடித்து வைத்து வேண்டிக்கொள்வார்களே, அந்த அரைக்காசு அம்மன். கோயில் வாசலில் நின்று, "நம்ம வீட்ல எதுக்கெல்லாம் வேண்டியிருக்கம்மா?" என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். நீங்கள் பிறப்பதற்கு முன்னால் காணாமல் போன மூக்குத்தியிலிருந்து கதை ஆரம்பிக்கும்.

இரண்டாம் நாள்: திருமயம், கானாடுகாத்தான்

நெடுஞ்சாலையில் திருமயம் கோட்டைச் சுவரை ஒட்டி பைரவர் கோயில் ஒன்று உண்டு. அந்தப் பக்கம் போகிற வண்டிகள் நின்று தேங்காய் உடைத்துவிட்டுப் போகும். உங்கள் டிரைவரும் நிறுத்துவார், நிறுத்தட்டும்.

கோட்டை 1687இல் சேதுபதி மன்னர் கட்டியது என்பார்கள். உச்சியில் ஒரு பீரங்கி இருக்கிறது, காற்றும் நன்றாக வரும். அம்மாவோடு போகும்போது கோட்டையை விட்டுவிட்டு அடிவாரத்துக் கோயில்களுக்குப் போவதே சரி. ஒரே பாறையில் சிவனுக்கு ஒன்று, பெருமாளுக்கு ஒன்று என்று இரண்டு குடைவரை. பெருமாள் கோயில் 108 திவ்ய தேசங்களில் சேர்ந்தது. உள்ளே பாறையிலேயே செதுக்கிய பெரிய சயன மூர்த்தி. இவ்வளவு பெரிய பெருமாள் இவ்வளவு சின்ன ஊரில், அதுவும் நெருக்கடி இல்லாமல்! அம்மாவுக்குப் பிடித்தவரை நின்று பார்க்கட்டும். விடுதலைப் போராட்டத் தலைவர் சத்தியமூர்த்தி பிறந்த ஊர் இதுதான், இந்தக் கோயில் பெருமாளின் பெயரும் சத்தியமூர்த்திதான்.

அங்கிருந்து காரைக்குடிச் சாலையிலேயே போய்க் கொஞ்சம் உள்ளே திரும்பினால் கானாடுகாத்தான். இந்த ஊரில் பார்ப்பதற்கு என்று தனியாக ஒன்றைத் தேட வேண்டாம், தெருதான் காட்சி. ஒரு தெருவில் முகப்பு தொடங்கினால் அடுத்த தெருவில் பின்வாசல் முடிகிறது, அவ்வளவு நீளம் ஒவ்வொரு வீடும். பர்மாவிலும் மலேயாவிலும் லேவாதேவி செய்து சம்பாதித்த பணம், பர்மாத் தேக்குத் தூணாகவும் இத்தாலிப் பளிங்காகவும் நிற்கிறது. பல வீடுகள் பூட்டிக்கிடக்கும். சிலவற்றைக் கட்டணம் வாங்கிக்கொண்டு காட்டுவார்கள். முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி என்று வரிசையாகப் போகும்போது நம் கண் தூணைப் பார்க்கும். அம்மா கண் நேராக அடுப்படிக்கும் களஞ்சிய அறைக்கும் போகும். அவரை முன்னால் விட்டுப் பின்னால் நடங்கள். வாசற்படிகள் உயரம், நிலைப்படியும் தடுக்கும். அங்கே மட்டும் கை கொடுங்கள்.

மத்தியானச் சாப்பாட்டை இங்கேயே ஒரு பங்களா ஓட்டலில் வைத்துக்கொள்ளலாம். அங்கெல்லாம் முதல் நாளே போன் செய்து சொன்னால்தான் சமைப்பார்கள். சொல்லும்போதே "ஒரு இலைக்கு காரம் குறைவா" என்று சொல்லிவிடுங்கள். செட்டிநாட்டுச் சமையல் என்றால் கறியும் மிளகும்தான் என்று வெளியூரில் நினைக்கிறார்கள். வீட்டுச் சமையலில் அரிசி களைந்த தண்ணீரில் செய்கிற மண்டி, பச்சடி, கூட்டு என்று சாந்தமான சங்கதிகள் நிறைய. இனிப்பு கேட்டால் கவுனி அரிசி கேளுங்கள். பர்மாவிலிருந்து வந்த கருப்பரிசி, வெந்து தேங்காய்ப்பூவும் சர்க்கரையும் சேர்ந்து வரும்.

வெயில் தாழ்ந்ததும் காரைக்குடி. அடுத்த இரண்டு ராத்திரியும் ஒரே அறையில். தினம் ஒரு ஊரில் தங்கினால் பெட்டியை அவிழ்ப்பதும் கட்டுவதும் அம்மா தலையில்தான் விழும், நீங்கள் வேண்டாம் என்றாலும்.

மூன்றாம் நாள்: பிள்ளையார்பட்டி, ஆத்தங்குடி, கடைத்தெரு

பிள்ளையார்பட்டிக்கு 7 மணிக்குள் போய்விடுங்கள். குடைவரைக்குள் வடக்குப் பார்த்து உட்கார்ந்திருக்கிற கற்பக விநாயகருக்கு இரண்டே கை, தும்பிக்கை வலம்புரி. காலையில் பத்து நிமிடத்தில் அவர் முன்னால் போய் நிற்கலாம். வழியிலேயே குன்றக்குடி முருகன் வருவார். படி ஏற வேண்டும். முடியாவிட்டால் கீழிருந்தே கும்பிடு போட்டுக்கொள்ளலாம், முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார். கிட்டத்தில் வைரவன்பட்டி இருக்கிறது. செட்டிநாட்டு வணிகர்களான நகரத்தார்களின் ஒன்பது கோயில்களில் பிள்ளையார்பட்டி மாதிரி அதுவும் ஒன்று. சமதளம், சிற்பம் அருமை, ஆளே இருக்காது.

காலை டிபனைச் சாப்பிட்டுவிட்டு ஆத்தங்குடி. அங்கே பூக்கல் பட்டறைக்குக் கட்டாயம் போங்கள், வேலை நடக்கிற காலை நேரத்திலேயே. தரையில் ஒரு கண்ணாடித் துண்டு. அதன்மேல் இரும்புச் சட்டம், அதற்குள் பூ வடிவத்தில் வளைத்த தகடு. கைக்கரண்டியால் சிவப்பு, பச்சை, மஞ்சள் சிமெண்டுக் கலவையை அறை அறையாக ஊற்றுகிறார் பட்டறைக்காரர். தகட்டைத் தூக்கி எடுக்கிறார், நிறம் ஒன்றோடொன்று கலக்காமல் அப்படியே நிற்கிறது. மேலே உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவி, அப்புறம் ஈரக் கலவையை அப்பி மட்டம் செய்து தள்ளி வைக்கிறார். இறுகியதும் தண்ணீர்த் தொட்டியில் சில நாள் கிடக்கும். கண்ணாடியிலிருந்து கழற்றும்போது வருகிற பளபளப்புக்குச் சூளையும் கிடையாது, பாலிஷும் கிடையாது. கோலம் போட்டுப் பழகிய கைக்கு இந்த வேலையின் நிதானம் சட்டென்று புரிந்துவிடும். உட்கார ஒரு நாற்காலி கேட்டு வாங்கிப் போடுங்கள், அரை மணி நேரம் அசைய மாட்டார். பிறகு அதே ஊரில் பெரிய வீட்டைப் பார்த்துவிட்டு, சாப்பாட்டுக்கு அறைக்குத் திரும்பலாம்.

மாலை முழுக்கக் காரைக்குடிக் கடைத்தெரு. கண்டாங்கிச் சேலைக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அசலானது பருத்தி, கட்டம் போட்டிருக்கும், கரை நல்ல அகலம், மஞ்சளும் அரக்கும் சிவப்புமாகப் பளிச்சென்று இருக்கும். அம்மாவைக் கடையில் உட்கார்த்திவிட்டு விலைச்சீட்டு இருக்கும் பக்கத்தை உங்கள் கையில் வைத்துக்கொள்ளுங்கள். விலை தெரிந்தால் "இது எனக்கு எடுக்காது" என்று அடுக்கி வைத்துவிடுவார். முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள். இடித்த வீடுகளிலிருந்து வந்த கதவு, எனாமல் பாத்திரம், மரவை, கல்சட்டி. நீங்கள் அலங்காரத்துக்கு எடுக்கிற தூக்குவாளியைப் பார்த்து "இதையா காசு கொடுத்து வாங்குறே, பரண்ல நாலு கிடக்கு" என்பார். உண்மையாகவே கிடக்கும், வாங்காதீர்கள்.

தேன்குழல், மணகோலம், சீப்புச் சீடை எல்லாம் எடை போட்டுத் தருவார்கள். கடைசி நாள் வாங்கிக்கொள்ளலாம் என்று தள்ளாதீர்கள், கடைசி நாள் வழி வேறு பக்கம் போகிறது.

சொந்தக்காரர் வீடு

எந்தச் சின்ன ஊருக்குப் போனாலும் அம்மாவுக்கு அங்கே யாராவது இருப்பார்கள். பெரியம்மாவின் நாத்தனார், பள்ளிக்கூடத்துச் சிநேகிதி, முன்பு பக்கத்து வீட்டில் குடியிருந்தவர். கிளம்பிய பிறகுதான் பெயரே வெளியே வரும். முகம் சுளிக்காமல் இதற்கும் ஒரு மாலையை ஒதுக்கிவிடுங்கள். போகிற நேரம் 4.30 ஆக இருக்கட்டும், அது காபி நேரம். 7 மணிக்குப் போனால் சாப்பிடாமல் விட மாட்டார்கள், மறுநாள் காலைத் திட்டமும் போய்விடும். பழம் வாங்கிக்கொள்ளுங்கள். உள்ளே நுழைந்து பத்து நிமிடம் கழித்து, "வண்டியைப் பார்த்துட்டு வரேன்" என்று நீங்கள் வெளியே வந்துவிடலாம். அவர்கள் பேசுவதற்கு நீங்கள் தேவையில்லை.

நாலாம் நாள்: ஆவுடையார்கோயில் வழியாகத் திரும்புதல்

வந்த வழியே திரும்புவதைவிட அறந்தாங்கிப் பக்கம் சுற்றிப் போவது நல்லது. மாணிக்கவாசகர் எழுப்பியதாகச் சொல்லப்படும் ஆவுடையார்கோயிலில் மலை கிடையாது, படி குறைவு, மண்டபங்கள் நிழலாக இருக்கும். கருவறையில் லிங்கம் இல்லை, அதன் பீடமான ஆவுடை மட்டும்தான். நந்தியும் இல்லை, கொடிமரமும் இல்லை. புழுங்கலரிசிச் சோற்றைச் சுடச்சுடப் படைக்கல்லில் கொட்டுவார்கள், எழும்புகிற ஆவிதான் சுவாமிக்கு நைவேத்தியம். அந்த நேரத்துக்கு இருக்க வேண்டுமென்றால் போனதும் குருக்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அண்ணாந்து பார்க்க வேண்டியது கொடுங்கை, அதாவது மண்டபக் கூரையின் வளைந்து இறங்கும் கல் விளிம்பு. கருங்கல்லைத் தகடு மாதிரி இழைத்து, மரச்சட்டமும் ஆணியும் கயிறும் வைத்துக் கூரை வேய்ந்ததுபோலவே செதுக்கியிருக்கிறார்கள். அந்தக் காலத்து ஸ்தபதிகள் கோயில் கட்ட ஒப்பந்தம் எழுதும்போது "ஆவுடையார்கோயில் கொடுங்கை நீங்கலாக" என்று சேர்த்து எழுதுவார்களாம். கழுத்து வலி உள்ளவர் ஒரு தூணில் சாய்ந்துகொண்டு பார்க்கட்டும்.

12 மணிக்கு வெளியே வந்தால் அறந்தாங்கியில் சாப்பாடு, அப்புறம் புதுக்கோட்டை வழியாகத் திருச்சி. இந்த ஒரு நாள்தான் மத்தியானத்தில் வண்டி ஓடும். பின் சீட்டில் ஒரு தலையணை போட்டு, கண்ணாடிக்குத் துண்டைத் தொங்கவிட்டு அவரைப் படுக்க வைத்துவிடுங்கள். கீரனூர் தாண்டும்போது எழுந்து, "அடுத்து எப்போ?" என்று கேட்காவிட்டாலும், அரைக்காசு அம்மனுக்கு ஒரு வேண்டுதல் பாக்கி இருப்பது நினைவுக்கு வந்ததாகச் சொல்ல வாய்ப்பிருக்கிறது. தேதியை அப்போதே காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை வேண்டாம்.